மாப்பிள்ளை கையில என்னா சீட்டு?

வா பாப்பா, உக்காரு. அந்த நாக்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். திண்ணையில உக்காரு. உள்ள மல்லாட்டை வேவுது, வெந்ததும் தின்னுட்டுப் போவலாம்.

ஒங்கப்பன் நேத்தே வந்துட்டுப் போயிட்டான். "மாமா, கல்யாணம் ஆயி நாலு மாசம் ஆச்சு, மாப்பிள்ளை கூட்டிக்க மாட்டங்கறாரு. பொண்ணு மொகம் தொங்கிப் போயி கெடக்கு. நீங்க நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பொறுமையா இருக்கச் சொல்லுங்க"ன்னான். பொறுமைக்கு ஆளு தேடி ஏங்கிட்ட வந்தான் பாரு! ஷிப்ட்டு முடிஞ்சி பஸ்சு அஞ்சு நிமிசம் லேட்டானா டிரைவரோட அம்மா வரைக்கும் விசாரிச்சவன் நான்.

ஆனா அவன் வந்ததுக்கும் ஒரு காரணம் இருக்கு. இந்தப் பக்கத்துல புருசனைத் தேடி பிளேன் ஏறின பொண்ணுங்கள்ல எம் பொண்ணும் ஒருத்தி. போயி பன்னண்டு வருசம் சும்மா உக்காந்துகிட்டு இருந்தா. அந்தப் படிப்பு செலவில்லாம எனக்கும் வந்துடுச்சு.

செரி, கேக்கறன் சொல்லு. மாப்பிள்ளை கையில என்னா சீட்டு?

எந்த நாடுன்னு கேக்கல. அதான் பத்திரிகையிலயே அவரு பேருக்குக் கீழ பி.இ., அதுக்குக் கீழ யு.எஸ்.ஏ.ன்னு தங்கத்துல அச்சடிச்சீங்களே, ஊருக்கே தெரியும். என்னா விசாவுல இருக்காருன்னு கேக்கறன். முழிக்கறியே. சம்பந்தம் பேசின அன்னிக்கு நானும் கூட இருந்தன். ஒங்கம்மா, பையன் அங்க மாட்டுக்கறி திங்கறானான்னு மூணு விதமாக் கேட்டா. ஒங்கப்பன் சம்பளத்தக் கேட்டான். டாலர்ல சொன்னதும் மனசுக்குள்ளயே பெருக்கிப் பாத்துட்டு, குடுத்த மோரக் கூட குடிக்காம தலைய ஆட்டிட்டான். என்னா சீட்டுன்னு ஒருத்தரும் கேக்கல. நான் கேக்கலாம்னுதான் வாயத் தொறந்தன். எங்க கெழவி தொடையில கிள்ளிட்டா.

நெய்வேலிக்காரிக்கு டிபென்டண்ட்டுன்னா என்னான்னு வெளக்கணுமா? இந்த மண்ணுல பொறந்த புள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்த வார்த்தை அதானே. ஜம்புலிங்க முதலியார் தண்ணிக்குன்னு குழா எறக்கின எடத்துல கருப்பா ஏதோ வந்து, 1956-ல கம்பெனி வந்து, அடுத்த வருசம் நேரு வந்து சுரங்கத்தைத் தொறந்து வெச்சாரு. அதுவரைக்கும் முந்திரிக் கொல்லையில களை வெட்டினவளுக்கு அவ பேருதான் பேரு. டவுன்ஷிப்பு வந்தப்பறம் புருசனுக்கு ஒரு நம்பரு வந்துது, பொம்பளைக்கும் அதே நம்பருதான். ஆஸ்பத்திரியில போயி ஒக்காந்து, அவரு நம்பரச் சொல்லி, அட்டையில நம்ம பேரு இருந்தாத்தான் மாத்திரை. கோட்ரசும் அப்படித்தான். ஆம்பளை வேலைக்குத் தக்கன வூடு. எங்க கெழவி டவுன்ஷிப்பு வட்டத்துல இருவத்தி ரெண்டு வருசம் முருங்கை வளத்தா, கறிவேப்பிலை வளத்தா, ஊருக்கே காய் குடுத்தா. நான் ரிட்டயர்டு ஆனதும் சாவிய நான் குடுத்தன். முருங்கைய அவ வுட்டுட்டு வந்தா. இன்னிக்கும் அந்த வட்டத்துப் பக்கம் பஸ்சு போனா, காய் வெச்சிருக்கான்னு எட்டிப் பாக்கறா.

புருசன் விசாவ ஒட்டிக்கிட்டுப் போற விசாவும் ஒரு கோட்ரசுதான் பாப்பா. அவரு வேலை இருக்கற வரைக்கும் ஒனக்குத் தூணு, வாசல், சன்னலு எல்லாம் இருக்கு. அவரு சாவியக் குடுத்தா நீயும் பெட்டியக் கட்டணும். அமெரிக்காவுல எச்-1 வேலை விசாக்காரனுக்கு வேலை போச்சுன்னா அறுவது நாளு குடுக்கறான். ஒனக்கும் அதே அறுவதுதான், தனியா ஒரு நாளு கெடையாது.

எம் பொண்ணு கதையச் சொல்றன் கேளு. 2003-ல கட்டிக் குடுத்தன். கம்ப்யூட்டரு படிச்சவ, மெட்ராஸ்ல வேலையில இருந்தா. மாப்பிள்ளை எச்-1. இவளுக்கு எச்-4. ஜெமினி பாலத்துக்கிட்ட கான்சுலேட்டு வாசல்ல நாங்க வெயில்ல நிக்கறம், உள்ள போனவ பத்தே நிமிசத்துல சிரிச்சிக்கிட்டு வந்துட்டா. தேங்கா ஒடச்சன். விசா வந்த பாஸ்போர்ட்டப் பாத்தாத்தான் கூத்து. நம்ம வழக்கம், பொண்ணுக்கு ஒரே பேரு, முன்னாடி என் இனிஷியலு. பாஸ்போர்ட்டுல குடும்பப் பேரு கட்டத்துல ஒண்ணும் இல்ல. கான்சுலேட்டுக்காரன் அவ பேரத் தூக்கிக் குடும்பப் பேரு கட்டத்துல போட்டுட்டு, அவ பேரு கட்டத்துல எஃப்.என்.யு.ன்னு அடிச்சி வெச்சிருக்கான். மொதப் பேரு தெரியலன்னு அர்த்தமாம். வேலுடையான்பட்டுக் கோயில்ல வெச்சி, காதுல மூணு தரம் சொல்லிப் பேரு வெச்சவன் நான் உசுரோட இருக்கறன், தெரியலயாம்! அங்க போயி பேங்க்கு, லைசென்சு, ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் அவளுக்கு "எஃப்னு"ன்னுதான் பேரு. நீ போறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டுல இனிஷியல விரிச்சி, ரெண்டு கட்டத்தையும் ரொப்பிக்க. இல்லன்னா ஒன்னையும் எஃப்னுன்னு கூப்புடுவான்.

போனா. ஞாயித்துக்கெழமை போனு வரும். "அப்பா, இங்க லைப்ரரி ரொம்ப நல்லா இருக்குப்பா"ன்னா. அடுத்த வாரமும் லைப்ரரி. அதுக்கடுத்த வாரம் லைப்ரரியில மீனு தொட்டி. நான் பெருமையாக் கேட்டுக்கிட்டன். கெழவிதான் சொன்னா: "என்னாங்க, இவ பள்ளிக்கூடத்துல பாடப் புத்தகத்தயே அட்டை போட்டு அப்படியே வெச்சிருந்தவ. வாரா வாரம் லைப்ரரியா? அந்தப் புள்ளைக்குப் போவ வேற எடம் இல்லங்க." எனக்கு அன்னிக்குத்தான் ஒறைச்சிது. எச்-4-ல படிக்கலாம், காரு ஓட்டலாம், புள்ள பெத்துக்கலாம், சம்பாதிக்க மட்டும் கூடாது. பத்து டாலரு வாங்கிட்டு ஒரு புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாக்கூட குத்தம்.

ஆறு வருசம்தான் எச்-1. ஆனா கிரீன் கார்டுக்கு வரிசையில நின்னா நீட்டிக்கிட்டே போவலாம். வரிசைன்னா நம்ம ரேசன் கடை வரிசை மாதிரி நெனைக்காத. இங்க முன்னாடி நிக்கறவன் எண்ணெய் வாங்கிட்டா நவருவான். அங்க வேலை வழியாப் போறவங்களுக்கு ஒரு நாட்டுக்கு நூத்துக்கு ஏழுதான். ஐஸ்லாந்துக்கும் ஏழு, நம்ம இந்தியாவுக்கும் ஏழு. ஐஸ்லாந்துல இருக்கற மொத்த சனமும் நம்ம கடலூரு சில்லாவுல ஒரு மூலைக்குப் பத்தாது.

2015 மே மாசம் 26-ந் தேதி ஒரு சட்டம் வந்துது. புருசனோட ஐ-140-ங்கற கிரீன் கார்டு மனு பாஸ் ஆயிருந்தா, எச்-4 பொண்டாட்டியும் அட்டை வாங்கி வேலைக்குப் போவலாம்னு. தேதி எப்படி ஞாபகம்னு பாக்கறியா? எம் பொண்ணு பொறந்த தேதியத்தான் நான் மறந்துட்டன்னு கெழவி திட்டுவா. இந்தத் தேதிய மறக்கல. மறு வருசம் வேலைக்குப் போனா. இப்ப போன்ல, "லைப்ரரி பக்கமே போவ நேரமில்லப்பா"ன்னு பொலம்பறா. அந்தப் பொலம்பலு காதுக்கு நாதஸ்வரம் மாதிரி இருக்கு.

ஒன் மாப்பிள்ளை எச்-1-னா இந்தக் கதைதான், கொஞ்சம் முன்ன பின்ன. ஒருவேளை கம்பெனியே அவரை இங்கேருந்து அங்க மாத்தி அனுப்பிச்சிருந்தா, அது எல்-1. அப்ப ஒனக்கு எல்-2. அது ராசியான சீட்டு. 2021 நவம்பருலேருந்து தனி அட்டைக்குக் காத்துக்கெடக்க வேணாம், போய் எறங்கினதுமே வேலை பாக்கலாம். எறங்கினப்பறம் எடுக்கற ஐ-94 தாளுல பொண்டாட்டின்னு தெரியற மாதிரி எல்-2எஸ்-னு இருக்கான்னு மட்டும் பாத்துக்க. படிக்கப் போயிருக்கான்னா எஃப்-1, ஒனக்கு எஃப்-2. அதுல வேலையும் கெடையாது, முழுநேரப் படிப்பும் கெடையாது. அது பொண்டாட்டி விசா இல்ல, சமையக்கார விசா.

பேச மாட்டங்கற. எதுன்னு சொல்ல மாட்டங்கற. செரி, நீ வாயத் தொறக்கற வரைக்கும் ஊரு கதையப் பேசுவம்.

கியூ பாலத்துக்கு அந்தாண்ட ஒரு பையன், சிங்கப்பூரு மாப்பிள்ளைன்னு தோரணையாக் கல்யாணம். எட்டு வருசம் ஆச்சு, அந்தப் பொண்ணு சிங்கப்பூர படத்துலதான் பாத்திருக்கு. அங்கயும் நம்ம ஊரு மாதிரிதான், ஒரே வேலையிடம், மேல பெர்மனன்ட்டு, கீழ காண்ட்ராக்ட்டு. ஒர்க் பர்மிட்டுல இருக்கறவன் பொண்டாட்டிய வெச்சிக்க முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரன் கூட்டிக்கலாம், ஆனா மாசம் 6,000 வெள்ளிக்குக் கொறையாம நிலையான சம்பளம் இருக்கணும். கூட்டிக்கிட்டுப் போனாலும் 2021 மே மாசத்துலேருந்து பொண்டாட்டி வேலைக்குப் போவணும்னா அவளுக்குன்னு தனி பாஸ் எடுக்கணும். அந்தப் பையன் பர்மிட்டுக்காரன். வெளிநாட்டு மாப்பிள்ளைன்னதும் வாழ மரம் கட்டினவங்க, என்னா பாஸுன்னு கேட்டிருந்தா அந்தப் பொண்ணுக்கு மந்தாரக்குப்பத்துலயே ஒரு நல்ல மாப்பிள்ளை கெடச்சிருப்பான்.

துபாயி அதவிட வெளிப்படை. பொண்டாட்டியக் கூட்டிக்க 4,000 திர்ஹாம் சம்பளம், இல்ல 3,000-மும் தங்கற எடமும். இவ்வளவுதான் கணக்கு. நம்ம வடக்குத்துப் பையன் ஒருத்தன், "எனக்குத்தான் தங்கற எடம் கம்பெனி குடுக்குதே தாத்தா"ன்னான். எப்படிடா எடம்னன். ஒரு ரூம்ல ஆறு பேரு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு கட்டிலு. ஏண்டா, பொண்டாட்டிய மேல் கட்டில்ல ஏத்தப் போறியான்னு கேட்டன். அப்பறம் அவன் தனியா வூடு எடுத்து, கல்யாணச் சான்றிதழ இங்க மாநில அரசு, டெல்லி வெளியுறவுத் துறை, அவனுங்க தூதரகம்னு மூணு எடத்துல முத்திரை குத்தி, போன வருசம் கூட்டிக்கிட்டுப் போனான். சவுதின்னா கூட இருக்கற ஒவ்வொரு தலைக்கும் மாசம் 400 ரியாலு வரி. வருசத்துக்கு ஒருத்தருக்கு 4,800. மூணு புள்ள பெத்தவன் அங்க மந்திரியா இருந்தாத்தான் கட்டுப்படியாவும்.

ஜெர்மனிய நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு. மைன்ஸ்ல நான் வேலை பாத்த காலம் முழுக்க ஜெர்மன்காரன் பக்கெட் வீலு மண்ண வெட்டிப் போட, நான் பெல்ட்டுக்குக் காவலு. முப்பத்தி மூணு வருசம். மிசினு மேல எழுதியிருந்ததுல ஒரு எழுத்து எனக்குத் தெரியாது. இப்ப அங்க வேலையில இருக்கற புருசங்கிட்ட போவணும்னா ஏ-1-னு பரீட்சை. கேக்கணும், படிக்கணும், எழுதணும், பேசணும். நம்ம வட்டத்துப் பொண்ணு ஒண்ணு நுங்கம்பாக்கத்துல போயி மூணு மாசம் படிச்சி, மாமியாரப் பாத்து "குட்டன் மார்கன்"னுது. மாமியாரு அது என்னாத்த குத்தப் போவுதுன்னு சமையக்கட்டுக்குப் போயிட்டா. புருசன் ப்ளூ கார்டுன்னு ஒரு வேலைச் சீட்டு வெச்சிருந்தா அந்தப் பரீட்சையே வேணாம். அந்தப் பொண்ணுக்கு அது பரீட்சை எழுதி பாஸ் ஆனப்பறம்தான் தெரிஞ்சிது. ஆனா போயி எறங்கின ஒடனே வேலைக்குப் போவலாம். படிச்சதும் வீணாவல.

ஆம்பளைங்க மட்டும்தான் கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு நெனைக்காத. இங்கிலாந்துல நர்சா இருக்கற பொண்ணுங்க புருசன டிபென்டண்ட்டாக் கூட்டிக்கிட்டுப் போவுதுங்க. அப்படி ஒரு பையன் கெளம்பறதுக்கு முந்தி ஏங்கிட்ட வந்து, "தாத்தா, ஊருல என்னா வேலைன்னு கேட்டா என்னா சொல்றது?"ன்னான். எங்க வட்டத்துல அம்பது வருசமா பொம்பளைங்க சொன்ன பதிலையே சொல்லுன்னன். ஆனா அங்கயும் ஒரு முள்ளு. வயசானவங்களப் பாத்துக்கற கேர் வொர்க்கரு வேலையில 2024 மார்ச்சு 11-லேருந்து போனவங்க புருசன், புள்ள யாரையும் கூட்டிக்க முடியாது. நர்சுக்கு முடியும், கேரருக்கு முடியாது. ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல கெடக்கற அதே கெழவனத்தான் தூக்கி உக்கார வெக்கறாங்க.

என்னா? என்னா சொன்ன, கேக்கல, திரும்பச் சொல்லு.

கிரீன் கார்டா?

அடடடா. ஆமாம் ஆமாம், மறந்தே போனன். ஒங்கப்பன் பந்தியில எலைக்கு எல வந்து, "மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு, கிரீன் கார்டு"ன்னு பாயாசத்தோட சேத்து ஊத்தினானே. எனக்கு ரெண்டு தரம் ஊத்தினான்.

ஒரு கேள்வி கேக்கறன், நெதானமா யோசிச்சிச் சொல்லு. கார்டு வந்து தாலி கட்டினானா, தாலி கட்டினப்பறம் கார்டு வந்துதா?

பங்குனியில கார்டு. வைகாசியில கல்யாணம்.

ஹும். சிரிக்கல பாப்பா, இருமலு. மொதல்ல தை மாசம்தானே முகூர்த்தம் பாத்தாங்க? அந்த ஜோசியக்காரன் தையில வெச்சா பொண்ணுக்குக் கடல் தாண்டற யோகம் தள்ளிப் போவும்னு சொல்லி வைகாசிக்குத் தள்ளினான். மவராசன், கையக் குடுக்கணும் அவனுக்கு. கார்டு வரதுக்கு முன்னாடி தாலி ஏறியிருந்தா, அவரு பின்னாலயே நீயும் அதே வரிசையில வால்பிடிச்சிப் போயிருக்கலாம். கார்டு கையில வந்தப்பறம் கட்டினதால நீ புது வரிசையில கடைசி ஆளு. எஃப்-2ஏ-ன்னு அதுக்குப் பேரு. சமயத்துல வருசக்கணக்குல இழுக்கும், மாசா மாசம் விசா புல்லட்டின்னு ஒண்ணு போட்டுத் தேதிய முன்ன தள்ளுவான், சில மாசம் பின்னயும் தள்ளுவான். வெறும் எச்-1-ல இருக்கறவன் பொண்டாட்டி இந்நேரம் போயி எறங்கி அந்த லைப்ரரியில மீன் பாத்துக்கிட்டு இருப்பா. ஒங்கப்பன் எது ஒசத்தின்னு பாயாசம் ஊத்தினானோ, அதுதான் கதவச் சாத்தியிருக்கு. மாப்பிள்ளை டிக்கெட்டு போட மாட்டங்கறாருன்னு அவரைக் கொற சொல்லாத. போட முடியாது. ஒங்கப்பங்கிட்ட சொல்ல அவருக்கும் வாய் வரல போல.

அழாத. அழுதா மல்லாட்டை கரிக்கும். இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதிலு சொல்லு.

ஒனக்காக ஐ-130 மனு போட்டாரா? அவருக்குத் தெரியலன்னா இன்னிக்கு ராத்திரியே போடச் சொல்லு. என்னிக்கு அது போய்ச் சேருதோ அன்னிக்குத்தான் ஒன் டோக்கன். நாலு மாசமா ரெண்டு பேரும் போன்ல "சாப்ட்டியா"ன்னு கேட்டதுல டோக்கன் எடுக்காம வரிசையில நின்னுருக்கீங்க. கல்யாணத்தப் பதிஞ்சீங்களா? தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதியணும்னு ஒண்ணு இருக்கு. மண்டபக்காரன் ரசீது சான்றிதழ் ஆவாது. ஆல்பம் எட்டு கிலோ இருந்தாலும் ஆவாது. நாளு தாண்டிடுச்சு, ஆனாலும் வழி இருக்கும், நாளைக்கே ரெஜிஸ்டரு ஆபீசுக்குப் போயி நில்லு.

அப்பறம், கார்டு வாங்கி அஞ்சு வருசம் ஆனா அவரு குடியுரிமை கேக்கலாம். குடிமகன் ஆயிட்டா பொண்டாட்டிக்கு அந்த வரிசையே கெடையாது. அஞ்சு வருசத்துக்கு 90 நாளு முன்னாடியே மனு போடலாம். அதுவரைக்கும் லீவு கெடைக்கறப்ப அவரு இங்க வரட்டும், ஆனா ஆறு மாசம் சேந்தாப்புல ஒக்காந்துட வேணாம், அந்த அஞ்சு வருசக் கணக்குல கேள்வி வரும். மாமியாரு ருசியாச் சமைக்கறான்னு மாப்பிள்ளைங்க கணக்கு மறந்துடுவாங்க.

பஜார்ல ஒருத்தன் போர்டு மாட்டியிருப்பான், "சுற்றுலா விசாவுல ஏத்தி வுடறன், போயி மாத்திக்கலாம்"ம்பான். அவங்கிட்ட போவாத. அங்க ஏர்போர்ட்டுல கேள்வி கேக்கறவன், புருசன் இங்க இருக்கான், மனு போட்டிருக்கான், நீ சுத்திப் பாக்கவா வந்தன்னு ஒரு வார்த்தை கேட்டான்னா, நீ நயாகராவப் பத்தி என்னா பாட்டுப் பாடினாலும் எடுபடாது.

வேலை? ராஜினாமா குடுத்துட்டியா? இன்னும் குடுக்கலயா! இது ஒண்ணுதான் இன்னிக்குக் காதுல வுழுந்த நல்ல சேதி. ஒன் கம்பெனிக்கு அமெரிக்காவுல கெளை இருக்கா? இருக்கா! அப்ப ஏன் எதுக்கெடுத்தாலும் அவரு கையப் பாக்கற? ஒரு வருசத்துக்கு மேல வேலை பாத்தவள கம்பெனியே எல்-1-ல அனுப்பலாம். அந்த சீட்டுக்கும் எச்-1-க்கும் ஒரு சலுகை இருக்கு, பின்னால அங்கயே தங்க நெனைக்கறன்னு தெரிஞ்சாலும் அதுக்காகத் தட்ட மாட்டான். படிப்பு விசா, சுற்றுலா விசாவுல அப்படி இல்ல. அனுப்பறது கம்பெனி கையிலதான் இருக்கு, அது தெரியும். ஆனா ஒன் மேனேஜருகிட்ட கேக்கறது எங்கிட்ட கேட்டதவிடக் கஷ்டமா? போனா ஒன் பேருல போவ, ஒன் நம்பருல போவ. முருங்கை வெச்சா ஒன் முருங்கை.

ஒங்கப்பன் பொறுமை சொல்லச் சொன்னான். பொறுமையச் சொல்லிட்டன்னு சொல்லிடு. கேட்டா, மாமா மூணு மணி நேரம் பொறுமையாப் பேசினாருன்னு சொல்லு.

என்னாது? உள்ள இருந்து கெழவி என்னமோ சொல்றா, கேட்டியா? "ஊருக்கெல்லாம் விசா சொல்றியே, நீ இந்த வூட்ல என்னா விசாவுல இருக்க?"ன்றா. மனை அவ அண்ணன் குடுத்தது, பத்திரம் அவ பேருல. நான் இங்க டிபென்டண்ட்டு பாப்பா. போ, போயி மல்லாட்டைய எறக்கி வடிக்கட்டு, அடுப்புக்கிட்ட போவ எனக்கு அனுமதி இல்ல.